மலையில் 10 கி.மீ. என்பது உண்மையில் எத்தனை கி.மீ.?

மெரினா காமராஜர் சாலையில் 10 கி.மீ. தூரத்தை ஒரு மணி நேரத்தில் ஓடி முடிக்கிற ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐ.டி. வேலை, வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம், ஆண்டுக்கு ஒரு அரை மாரத்தான். நல்ல ஓட்டக்காரர்தான். அதே ஆள், அதே ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் 10 கி.மீ. ஓடப் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பாதை செங்குத்தாக இருந்தால் மூன்றையும் தொடலாம். ‘என்னாச்சு எனக்கு, ஸ்டாமினா போயிடுச்சா?’ என்று அவருக்குச் சந்தேகம் வரும். ஸ்டாமினா எங்கும் போகவில்லை. அளக்கிற கோல்தான் வேறு.

தார்ச்சாலையை விட்டு மண்பாதை, பாறை, காட்டு ஒற்றையடிப் பாதை, தேயிலைத் தோட்ட வழி என்று ஓடுவதற்குப் பெயர் ‘டிரெயில் ரன்னிங்’. சாலை மாரத்தான் ஓடிப் பழகியவர்களுக்கு அடுத்து இதில்தான் ஆசை வருகிறது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் பனிமூட்டம், மலை முகடு, முதுகில் சின்னப் பையோடு பறக்கும் ஓட்டக்காரர் என்று பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ரீல்ஸில் காட்டாதது ஒன்று உண்டு. அந்த ஓட்டத்தில் கணிசமான நேரம் அவர்களும் நடக்கத்தான் செய்கிறார்கள்.

கிலோமீட்டர் ஏன் ஏமாற்றுகிறது?

சமதளத்தில் தூரம் தெரிந்தால் நேரம் தெரிந்துவிடும். மலையில் தூரத்தோடு உயரத்தையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-லேயே ஒரு சூத்திரம் சொல்லிவிட்டார். நடந்து போகிறவருக்கு ஏறத்தாழ 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். மலையேறிகள் இன்றும் இதைத்தான் மனக்கணக்காகப் போடுகிறார்கள்.

ஓட்டக்காரர்களுக்கு இன்னும் எளிமையான கணக்கு உண்டு. 100 மீட்டர் ஏற்றத்தைச் சமதளத்தில் 1 கி.மீ. ஓடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டும். சர்வதேச டிரெயில் ரன்னிங் சங்கம் பந்தயங்களைத் தரம்பிரிப்பதும் இப்படித்தான். ஆக, 10 கி.மீ. பாதையில் மொத்த ஏற்றம் 600 மீட்டர் என்றால், உடம்புக்கு அது 16 கி.மீ. அந்த 600 மீட்டர் எவ்வளவு என்று பிடிபடவில்லையா? திருச்சி மலைக்கோட்டையின் உயரம் சுமார் 83 மீட்டர். உச்சிப் பிள்ளையாரை ஒரே மூச்சில் ஏழு தடவை போய்க் கும்பிட்டு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை உலகின் பெரிய பந்தயம் ஒன்றில் போட்டுப் பார்க்கலாம். பிரான்ஸின் ஷமோனியில் தொடங்கி இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மோன் பிளாங்க் மலைத்தொடரைச் சுற்றி வரும் ‘யூ.டி.எம்.பி.’ 2003 முதல் நடக்கிறது. தூரம் 170 கி.மீ.க்கு மேல், ஏற்றம் மட்டும் ஏறத்தாழ 10,000 மீட்டர். அதாவது 270 கி.மீ. ஓட்டத்துக்குச் சமம். 2023-இல் அமெரிக்காவின் ஜிம் வாம்ஸ்லி 19 மணி 37 நிமிடத்தில் முடித்தபோது உலகமே வாய்பிளந்தது ஏன் என்று இப்போது புரியும். சாதாரண ஆட்களுக்கு அங்கே 46 மணி நேரத்துக்கும் மேல் அவகாசம் உண்டு.

தூரக் கணக்கையே கேலி செய்யும் பந்தயமும் இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ‘ஃப்ரோசன் ஹெட்’ மாநிலப் பூங்காவில் 1986 முதல் நடக்கும் ‘பார்க்லி மாரத்தான்ஸ்’. பெயருக்கு 100 மைல். உண்மையில் எவ்வளவு என்பது ஓடுகிறவர்களிடையே தீராத வழக்கு. ஜி.பி.எஸ். வாட்ச்சுக்கு அனுமதி இல்லை. நள்ளிரவுக்கும் மறுநாள் நண்பகலுக்கும் இடையே எப்போது வேண்டுமானாலும் சங்கு ஊதுவார்கள் (ஆமாம், நம்ம ஊர் மாதிரி நிஜச் சங்குதான்!), ஊதினால் ஒரு மணி நேரத்தில் ஓட்டம் ஆரம்பம். ஐந்து சுற்று, 60 மணி நேரம். வழியில் மறைத்துவைத்த புத்தகங்களிலிருந்து தன் எண்ணுக்குரிய பக்கத்தைக் கிழித்து வந்து காட்ட வேண்டும். 2024 வரை இதை முழுதாக முடித்தவர்கள் வெறும் 20 பேர். அந்த ஆண்டு பிரிட்டனின் ஜாஸ்மின் பாரிஸ், கெடு முடிய 99 விநாடிகள் இருக்கும்போது வந்து சேர்ந்தார். இதை முடித்த முதல் பெண் அவர்தான்.

நடந்தா கேவலமா?

சாலையில் ஓடிப் பழகியவருக்கு மலையில் முதலில் அடிவாங்குவது கௌரவம். ஏற்றம் வந்ததும் நடக்க மனசு வராது. ஆனால் அறிவியல் நடக்கிறவர் பக்கம்தான் நிற்கிறது. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செங்குத்தாகச் சாய்த்த டிரெட்மில்லில் ஓட்டக்காரர்களை ஏறவிட்டு அளந்து பார்த்தார்கள். சரிவு சுமார் 15 டிகிரியைத் தாண்டினால், ஒரே வேகத்தில் ஓடி ஏறுவதைவிட நடந்து ஏறுவதற்குக் குறைவான ஆற்றலே செலவாகிறது. 15 டிகிரி என்றால் 100 மீட்டர் முன்னே போவதற்குள் 27 மீட்டர் மேலே போய்விடும் சரிவு. நம் மலைக் கிராமங்களின் குறுக்குவழிகள் பலவும் இப்படித்தான் இருக்கும்.

அதனால் அனுபவசாலிகள் ஏற்றத்தில் தொடைமேல் கைகளை ஊன்றி, குனிந்து, விறுவிறுவென நடப்பார்கள். அளவுகோல் ஒன்றுதான்: பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடியவில்லை என்றால் வேகம் அதிகம். வாட்ச் காட்டும் ‘ஒரு கி.மீ.க்கு இத்தனை நிமிடம்’ என்ற எண்ணை அங்கே மறைத்தே வைத்துவிடலாம். மொத்த நேரம், ஏறிய உயரம் இரண்டு மட்டும் திரையில் இருந்தால் போதும்.

கால் எங்கே போகிறது தெரியுமா?

பழனியோ திருச்செங்கோடோ படியேறிப் போனவர்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் முழங்காலுக்கு மேலே வெடவெடவென ஆடும். மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியாது. மலை ஓட்டத்தில் காலைப் பதம்பார்ப்பது இந்த இறக்கம்தான். புதியவர்கள் அதைத்தான் ‘ஈசி’ என்று நினைக்கிறார்கள்.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். கிணற்றில் வாளியைக் கயிறு நழுவாமல் மெல்ல மெல்லக் கீழே விடும் கையை நினைத்துப் பாருங்கள். பிரேக் போடும் வேலை. நீளும் நிலையில் பாரம் தாங்கும் தசைநார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி உடனே வராது; ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்தைத் தொடும். ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டே இறங்கியவர் செவ்வாய்க்கிழமை ஆபீஸ் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவது இதனால்தான்.

சிக்கல் என்னவென்றால், மூச்சு இதை எச்சரிக்காது. மிதமான இறக்கத்தில் ஓடுவதற்கு ஆற்றல் குறைவாகவே செலவாகும். இத்தாலிய உடலியல் ஆய்வாளர் மினெட்டி குழுவினர் 2002-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, சரிவு 20 சதவீதம் அளவில் இருக்கும்போது ஓட்டத்தின் ஆற்றல் செலவு மிகக் குறைவு. இதயம் ‘நல்லா இருக்கேன், போ போ’ என்கிறது, தொடையோ தேய்ந்துகொண்டிருக்கிறது. தசை களைத்த பிறகு பாதம் சரியாக விழாது. வேரில் தடுக்கும், உருளைக்கல்லில் கணுக்கால் பிசகும். திரும்பி வரும் கடைசி சில கிலோமீட்டரில் பார்த்து வர வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான்.

நல்ல செய்தியும் உண்டு. தசை சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒருமுறை அளவாக இறங்கிப் பழகினால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அந்த அளவுக்குச் சேதம் செய்யாது. மலையே இல்லாத சென்னைக்காரர் அபார்ட்மென்ட் படிக்கட்டில் பயிற்சி எடுக்கலாம். பரங்கிமலைப் படிகளும் இருக்கின்றன. லிஃப்டில் ஏறி நடந்து இறங்கினாலும் பயிற்சிதான்! இறங்கும்போது நீளமாகக் கால் எட்டிப் போடாமல் குட்டிக் குட்டி அடியாக, பார்வை மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கும்படி வர வேண்டும். காலடியையே பார்த்துக்கொண்டு வந்தால் அடுத்த கல் தெரியாது.

21 பேர் ஏன் திரும்பவில்லை?

தொடை வலி இரண்டு நாளில் போய்விடும். வானிலை அப்படி விடாது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலை ஓட்டம் ஒன்று நடந்தது. மஞ்சள் ஆற்றங்கரையில் உள்ள, ‘கல் காடு’ எனப்படும் சுற்றுலாப் பகுதி. 172 பேர் ஓடினார்கள். அன்று நண்பகல் வாக்கில், ஆலங்கட்டி மழையும் உறையவைக்கும் சாரலும் சூறைக்காற்றும் ஒன்றாக வந்தன. 21 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் லியாங் ஜிங் போன்ற, சீனாவின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். அனுபவம் இல்லாதவர்கள் மட்டும் சிக்கிய விபத்து அல்ல இது.

சிக்கிய இடம் இரண்டாவது, மூன்றாவது சோதனைச் சாவடிகளுக்கு இடைப்பட்ட பகுதி. வெறும் எட்டு கி.மீ. தூரம்தான். ஆனால் 1,000 மீட்டர் ஏற்றம். வாகனம் போக வழியில்லை. ஒதுங்க நிழல்கூட இல்லை. மே மாதம், வெயில் காலம் என்பதால் பலரும் அரைக்கால் சட்டை, மெல்லிய பனியனோடு இருந்தார்கள். மழை ஜாக்கெட் ‘கட்டாயம்’ பட்டியலில் இல்லை. ‘எடுத்துவந்தால் நல்லது’ பட்டியலில்தான் இருந்தது. கையில் இருந்த மெல்லிய வெப்பப் போர்வைகளைக் காற்று கிழித்துக்கொண்டு போனது. அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் ஒருவர், தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் ஆறு பேரை இழுத்துப்போட்டு, நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். பிறகு நடந்த விசாரணையில் உள்ளூர் அதிகாரிகளும் ஏற்பாட்டாளர்களும் பொறுப்பாக்கப்பட்டார்கள். இத்தகைய ஓட்டங்களைச் சீனா நிறுத்திவைத்தது.

‘அது சீனா, நமக்கென்ன குளிர்?’ என்று கேட்கலாம். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. அதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. நனைந்த உடை, காற்று, களைப்பு மூன்றும் சேர்ந்தால் 10, 12 டிகிரியே போதும். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 12 டிகிரி வித்தியாசம். ஓடும்வரை உடம்பு சூடாக இருக்கும். கணுக்கால் சுளுக்கி ஒரு பாறைமேல் அரை மணி நேரம் உட்கார வேண்டி வந்தால்தான் தெரியும். நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாட்டம் எல்லாம் அறிகுறிகள். கூட வருகிறவர் ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்று குழறினால் அதை நம்பக் கூடாது.

அதனால்தான் நல்ல பந்தயங்களில் மழை ஜாக்கெட், விசில், ஹெட்லைட், வெப்பப் போர்வை, தண்ணீர், சார்ஜ் உள்ள போன் இவற்றைப் பையைத் திறந்து சோதிக்கிறார்கள். தனியாகப் பயிற்சிக்குப் போகும்போது சோதிக்க ஆளில்லை என்பதால் பலரும் இதையெல்லாம் வீட்டில் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த டிரெயில் ஷூவைவிட முதலில் வாங்க வேண்டியது நல்ல மழை ஜாக்கெட்தான்.

ஹாங்காங் கம்பம்

மலை ஓட்டத்தை நகரத்து மக்களின் விளையாட்டாகவே மாற்றிய ஊர் ஹாங்காங். நெருக்கியடித்த அடுக்குமாடிகள்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட மலைப் பூங்காக்கள். 1979-இல் திறக்கப்பட்ட மெக்லிஹோஸ் பாதை 100 கி.மீ. நீளம், பத்துப் பகுதிகள். மெட்ரோவில் இறங்கிப் பஸ் பிடித்தால் பாதையின் வாசல். கூர்க்கா வீரர்கள் 1981-இல் பயிற்சியாகத் தொடங்கிய ஓட்டம், 1986-இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இப்போது நான்கு பெரிய பாதைகளையும் சேர்த்து 298 கி.மீ. ஓடும் சவாலே இருக்கிறது. சீனப் புத்தாண்டையொட்டி நடக்கும். 60 மணி நேரத்துக்குள் வந்தால்தான் முடித்ததாகக் கணக்கு. மெடல் கிடையாது. முய் வோ துறையில் இருக்கும் பச்சைத் தபால்பெட்டிக்கு முத்தம் கொடுத்தால் முடிந்தது.

இதிலெல்லாம் எனக்கு ஆச்சரியம் தந்தது சாதாரண விஷயம் ஒன்றுதான். பாதையில் ஒவ்வொரு 500 மீட்டருக்கும் எண் பொறித்த கம்பம் நட்டிருக்கிறார்கள். அடிபட்டால் போனில் அந்த எண்ணைச் சொன்னால் போதும். மீட்புக் குழுவுக்கு இடம் தெரிந்துவிடும். ‘ஒரு பெரிய பாறை, பக்கத்துல ஒரு மரம்’ என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சரி, நம்ம ஊரில் எங்கே ஓடலாம்?

இங்கேதான் பலரும் தெரியாமல் சட்டத்தை மீறுகிறார்கள். கூகுள் மேப்பிலோ ஓட்டச் செயலியிலோ ஒரு பாதை தெரிந்தால், அதில் போகலாம் என்று அர்த்தமில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ‘எனக்கு முன்னாடி பத்துப் பேர் ஓடி அப்லோட் பண்ணியிருக்காங்களே’ என்பது வனச்சரகரிடம் எடுபடாது.

கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலும் சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளைச் சேர்ந்த இளைஞர்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு எந்த ஓட்டக்காரராலும் ஈடுகொடுக்க முடியாது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை ஆன்லைனில் முன்பதிவு செய்யும் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டம் வந்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாக வருவார்கள். தீ அபாயமுள்ள கோடை மாதங்களில் பாதைகள் மூடப்படும். கவனிக்க: இவை நடப்பதற்கானவை. வழிகாட்டியை விட்டுவிட்டு முன்னால் ஓட முடியாது. ஆனால் மலையைப் பழகுவதற்கு, முக்கியமாக இறக்கத்தைப் பழகுவதற்கு, இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

ஓடித்தான் ஆக வேண்டும் என்றால்? வனத்துறை அனுமதியோடு நடக்கும் பந்தயங்கள், உரிமையாளரிடம் கேட்டு அனுமதி பெற்ற எஸ்டேட் வழிகள், ஜவ்வாது மலை, கொல்லி மலை போன்ற இடங்களில் ஊருக்கு ஊர் போகும் மண்சாலைகள். இந்தச் சாலைகளிலும் சில காப்புக்காட்டை ஊடுருவிப் போகும் என்பதால் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நெல்லோ காபியோ சுமந்து எதிரே வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிடுங்கள். நமக்கு விளையாட்டு மைதானம், அவர்களுக்கு அது தினசரிப் பாதை.

விலங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் கரடியும், கொடைக்கானல் பக்கம் காட்டெருமையும் ஊருக்குள்ளேயே வருகின்றன. விடியலும் அந்தியும் அவை நடமாடும் நேரம். ஓட்டக்காரர்களுக்கும் பிடித்த நேரம் அதுதான்! வேகமாகவும் சத்தமில்லாமலும் வளைவில் திரும்புகிறவர் விலங்கைத் திடுக்கிட வைக்கிறார். நன்றாக வெளுத்த பிறகு கிளம்புங்கள். காதில் இயர்போன் வேண்டாம். வளைவுகளில் பேசிக்கொண்டே, கைதட்டிக்கொண்டே போங்கள். யானை மணிக்கு 25 கி.மீ. வேகம் போகும், ஒரு கி.மீ.யை ஐந்து நிமிடத்தில் ஓடுகிற நல்ல ஓட்டக்காரரின் வேகம் 12 கி.மீ.தான். தூரத்தில் கண்டால் வந்த வழியே அமைதியாகத் திரும்பிவிட வேண்டும். செல்ஃபி ஆசை வேண்டாம்.

முதல் ஓட்டம் எப்படி இருக்கணும்?

தூரத்தை வைத்துத் திட்டமிடாதீர்கள், நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள். முதல் தடவைக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். புறப்பட்ட 40-வது நிமிடத்தில் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். உச்சி பத்து நிமிட தூரத்தில் தெரிந்தாலும்தான். தனியாகப் போக வேண்டாம். மூன்று பேர் என்றால் ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு இருக்க, ஒருவர் உதவிக்குப் போகலாம். டவர் கிடைக்காது என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசர எண் 112, உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் அங்கே வேறு நெட்வொர்க் இருந்தால் இணைய வாய்ப்பு உண்டு.

எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று வீட்டிலோ தங்குமிடத்திலோ ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இறங்கியதும் டீக்கடையில் உட்கார்ந்து போட்டோ போடும் முன் அவருக்கு ‘வந்துட்டோம்’ என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேட்டைத் தடுப்புக் காவலர்கள் டார்ச் லைட்டோடு உங்களைத் தேடி மேலே ஏறிக்கொண்டிருப்பார்கள்.